மாணவர் குழுவோடு பேர்லின்: முதன்முறை பொறுப்பேற்போருக்கு

பாடசாலைக் குழுக்களுக்குப் பேர்லின் மலிவான தலைநகரம். நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரைமாடம், பேர்லின் சுவர் நினைவிடம், கொல்லப்பட்ட யூதர்களின் நினைவிடம், நாசிக் காலத்து ஆவணக் காட்சியகம் எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அரச அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆனால் முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதிவில்லாமல் வாசலில் போய் நின்றால் அந்த இலவசத்தால் ஒரு பயனும் இல்லை. இந்தப் பயணத்தின் பாரமான வேலை எல்லாம் புறப்படுவதற்கு முன்பே, மேசையில் இருந்து செய்யவேண்டியது.

11 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் இருபத்தைந்து, முப்பது பேர், மூன்று பகல்கள் என்ற கணக்கை வைத்து இதை எழுதுகிறேன். ஐரோப்பாவின் வேறு நகரங்களிலிருந்தோ இலண்டனிலிருந்தோ தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் ஆசிரியர்களும் பெற்றோரும்தான் என் மனதில் இருப்பவர்கள்.

எத்தனை இடம் என்பதைவிட எந்தக் கதை

சுற்றுலாப் பட்டியலைப் பார்த்தால் பேர்லினில் மூன்று நாளுக்கு நாற்பது இடம் தேறும். அதை முயன்றால் பிள்ளைகளுக்கு ரயில் நிலையங்கள் மட்டுமே நினைவிருக்கும். ஒரு கதையைத் தேர்ந்து அதன் பின்னால் நடப்பதே நல்லது. பேர்லினில் அந்தக் கதை தரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நகரைக் கிழக்கு, மேற்கு எனப் பிரித்து 1961 ஓகஸ்ட் 13இல் எழத் தொடங்கி 1989 நவம்பர் 9இல் திறந்துவிடப்பட்ட சுவரின் தடத்தை, நகர நடுவில் தெருவோடு தெருவாக இரட்டை வரிசைக் கற்களால் பதித்து வைத்திருக்கிறார்கள். இடையிடையே ஆண்டுகள் பொறித்த உலோகத் தகடுகளும் உண்டு. பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுப்பதைவிட "இந்தக் கற்களை விடாமல் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடலாம். முதல் நாள் நடை முழுக்க அதுதான்.

நாளைக் குறிப்பது: திங்களில் தொடங்குங்கள்

மே, யூன், செப்டெம்பர் மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. செப்டெம்பர் பிற்பகுதியில் மரதன் நடக்கும் ஞாயிறை அண்டிய நாட்களைத் தவிருங்கள். மரதன் ஓட்டத்தால் பாதைகள் மூடப்பட்டிருக்கும், தங்குமிடமும் கிடைக்காது. மே 1, ஒக்டோபர் 3 பொது விடுமுறைகள். மார்ச் 8உம் பேர்லினில் விடுமுறை என்பது ஜேர்மனியின் மற்றப் பகுதிகளிலிருந்து வருகிற பலருக்கே தெரியாது.

பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை பூட்டு. அதனால் திங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். நான் மாறாகச் சொல்வேன்: திங்கள் மதியம் வந்து சேருங்கள். நாடாளுமன்றக் கூரைமாடம், பிரான்டன்பேர்க் வாயில், யூதர் நினைவிடத்தின் கல்வெளி, நாசி ஆவணக் காட்சியகம் எல்லாம் திங்களிலும் திறந்திருக்கும். செவ்வாயும் புதனும் அருங்காட்சியகங்களுக்கு மிஞ்சும். வார இறுதியைவிடத் தங்குமிடமும் இலகுவாகக் கிடைக்கும், கூட்டமும் குறைவு.

ஆவணங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். ஒரே வகுப்பில் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு இருப்பது எங்கள் பிள்ளைகளிடையே வழமை. பயணம் முடிவானதும் முதல் வேலையாக ஒவ்வொரு பிள்ளையின் கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி இரண்டின் பிரதியையும் வாங்கி, காலாவதித் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்.

ஷெங்கன் நாடுகளில், அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், வதியும் பிள்ளைக்குச் செல்லுபடியான கடவுச்சீட்டும் வதிவிட அனுமதியும் இருந்தால் விசா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பாடசாலைக் குழுக்களுக்கென 1994 முதல் பயணிகள் பட்டியல் என்றொரு ஏற்பாடும் உண்டு. ஒன்றிய நாடொன்றில் வதியும் வேற்று நாட்டுக் குடியுரிமையுள்ள மாணவர், ஆசிரியருடன் குழுவாகப் போகும்போது, பாடசாலை தயாரித்த பட்டியலில் பெயர் இருந்தால் விசா கேட்கப்படாது. இது பொதுக்கல்விப் பாடசாலைகளுக்கானது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்கும் செல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால், அங்கிருந்து வரும் குழுக்கள் தங்களுக்கு இது செல்லுமா என்று முன்பே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இலண்டன் குழுவில் பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்பதால் பலர் இங்கேதான் மாட்டுப்படுவார்கள். எல்லையில் புதிய பதிவு முறைப்படி 12 வயதுக்கு மேற்பட்டோரின் விரலடையாளமும் எடுக்கப்படும், சிறியவர்களுக்குப் படம் மட்டும். அதற்கான வரிசை நேரத்தையும் கணக்கில் சேருங்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு பிரித்தானியாவில் வாழும் பிள்ளைக்கு ஷெங்கன் விசா வேண்டும். கல்விப் பயணமாகப் போகும் மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணம் விலக்கு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பலர் கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். பாடசாலையின் கடிதத்தோடு கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. குறைந்தது 30,000 யூரோவை ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் குழுவுக்கும் இதே விதிகள்தான்.

பெற்றோரின் சம்மதக் கடிதத்தில் வெறும் கையெழுத்து போதாது. ஒவ்வாமை, எடுக்கும் மருந்து, இரவில் அழைக்கக்கூடிய இரண்டு தொலைபேசி இலக்கங்கள், அவசர சிகிச்சைக்கு அனுமதி எல்லாம் ஒரே தாளில் வரவேண்டும். மருந்து அதன் சொந்தப் பெட்டியோடு வரட்டும்.

நாடாளுமன்றப் பதிவு: பெயர் எழுதும் கலை

கூரைமாடத்துக்குப் போக நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொருவரின் முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி கொடுத்துப் பதியவேண்டும். வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். இங்கேதான் எங்கள் பெயர்கள் சிக்கல் தரும். தகப்பன் பெயர் எந்தப் பக்கம், முதலெழுத்து விரிவாக இருக்கிறதா, நீண்ட பெயர் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறதா என்பது ஒவ்வொரு கடவுச்சீட்டிலும் ஒவ்வொரு விதம். வகுப்பு இடாப்பைப் பார்த்து எழுதாதீர்கள். பிள்ளை வீட்டில் எப்படி அழைக்கப்படுகிறதென்பதும் இங்கே உதவாது. கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து.

நல்ல நேரங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதால் தேதி முடிவான கையோடு விண்ணப்பியுங்கள். கூரைமாடம் துப்புரவுக்காக ஆண்டில் சில வாரங்கள் மூடப்படும். அந்த நாட்கள் அதே தளத்தில் முன்பே போடப்பட்டிருக்கும். குழுக்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: சபை கூடாத நாட்களில் பார்வையாளர் மாடத்தில் இருந்து 45 நிமிட விளக்கவுரை கேட்டுவிட்டுக் கூரைக்கு ஏறலாம். ஜேர்மன் மொழி விளங்கும் 15 வயதுக்காரருக்கு அது நன்றாகவே இருக்கும். 11 வயதுக்காரர்கள் பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். சிறியவர்கள் கூடுதலாக இருந்தால் நேரே கூரைக்குப் போங்கள்.

தங்குமிடம்

யூகென்ட்ஹேர்பேர்க எனப்படும் இளையோர் விடுதிகள் குழுக்களுக்காகவே நடப்பவை. உறுப்புரிமை வேண்டும், ஆனால் பாடசாலை ஒரு குழு அட்டை எடுத்தால் எல்லோருக்கும் போதும். காலைச் சாப்பாடும் படுக்கை விரிப்பும் பொதுவாகக் கட்டணத்துக்குள் அடக்கம். பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனி மாடி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெரியவரின் அறை, இரவு வாசலில் யாராவது கடமையில் இருப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகர நடுவுக்குள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. எஸ்பான் எனப்படும் நகர ரயிலின் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்றால் தூரம் பொருட்டல்ல.

ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள்

பேர்லினில் ஊபான் (சுரங்க ரயில்), எஸ்பான், ட்ராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. ஐந்து பேர் வரை சேர்ந்து 24 மணி நேரம் பயணிக்கும் சிறுகுழுச் சீட்டு ஒன்று விற்கிறார்கள். அதைச் சுற்றியே குழுவை அமையுங்கள்: நான்கு பிள்ளைகள், ஒரு பெரியவர், ஒரு சீட்டு. செலவும் குறையும், யாரைக் காணவில்லை என்பதும் அரை நிமிடத்தில் தெரியும். முப்பது தலைகளை எண்ணுவதும் நாலு முகங்களைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இந்தக் கணக்குக்குப் பெரியவர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்பது உண்மை. ஆறு பெற்றோரைச் சேர்க்க முடியாவிட்டால் குழுவைச் சிறிதாக்குங்கள் என்பதே என் கருத்து. ஜேர்மனிக்குள்ளிருந்து வரும் பிள்ளைகள் பலரிடம் நாடு முழுவதும் செல்லும் மாதச்சீட்டு இருக்கும், அவர்களுக்கு வேறு வாங்கவேண்டாம்.

நகரம் ஏ, பி, சி என மூன்று வலயங்கள். பார்க்கவேண்டிய எல்லாம் ஏ, பிக்குள் அடங்கும். விமான நிலையம் மட்டும் சியில். அந்த ஒரு பயணத்துக்கு மூன்று வலயச் சீட்டு வேண்டும். நிலையங்களில் மறிக்கும் கதவுகள் கிடையாது. சீட்டை மேடையில் உள்ள சிறு பெட்டியில் முத்திரை குத்தியபின்தான் அது செல்லும். பஸ்ஸிலும் ட்ராமிலும் அந்தப் பெட்டி உள்ளே இருக்கும். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள், பிடிபட்டால் தலைக்கு 60 யூரோ. முத்திரை குத்த மறந்துவிட்டேன் என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

முதல் நாள்: கற்களின் மேல் நடை

ரயிலில் வந்தால் பிரதான நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கே ரயில்கள் நிலத்துக்குக் கீழேயும் மேலேயும் இரண்டு தளங்களில் ஓடுகின்றன, இடையில் கடைகள். பிள்ளைகள் சிதறுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. இறங்கிய மேடையிலேயே எண்ணிவிட்டு, வாஷிங்டன்பிளாட்ஸ் பக்க வாசலுக்கு நேரே கொண்டுவாருங்கள். பொதிகளை முதலில் விடுதியில் வைத்துவிடுவது நல்லது, பாதுகாப்புச் சோதனையில் பெரிய பைகள் வில்லங்கம். அந்த வாசலிலிருந்து ஸ்ப்ரே ஆற்றைக் கடந்து நடந்தால் கால் மணி நேரத்துக்குள் நாடாளுமன்றம் வரும்.

1894இல் கட்டி முடித்து, 1933 பெப்ரவரியில் எரிந்து, போரில் சிதைந்து, சுவர்க் காலம் முழுக்க எல்லையோரம் நின்ற கட்டடம் இது. நோர்மன் ஃபொஸ்டர் வடிவமைத்த இன்றைய கண்ணாடிக் கூரைமாடம் 1999இல் திறக்கப்பட்டது. 40 மீற்றர் விட்டம், 23.5 மீற்றர் உயரம். உள்ளே சுருளாக ஏறும் பாதையில் நடக்க நடக்கக் காதில் மாட்டிய கருவி, எதிரே தெரியும் கட்டடத்தைப் பற்றித் தானாகவே சொல்லிக்கொண்டு வரும். அதுவும் இலவசம். கீழே குனிந்தால் சபை மண்டபம் தெரியும். வாக்களிப்பவர்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு மேலே நின்று பார்க்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும், மற்றதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பின்னேரச் சூரியன் சாயும் நேரத்துக்குப் பதிவு கிடைத்தால் இந்த நடையைத் தலைகீழாக்கிக் கூரையில் முடியுங்கள்.

வெளியே வந்ததும் கட்டடத்தின் பின்பக்கம் இரட்டைக் கல் வரிசையைத் தேடச் சொல்லுங்கள். அது பிரான்டன்பேர்க் வாயிலை ஒட்டிப் போகும். 1791இல் முடிந்த வாயில் அது. உச்சியில் உள்ள நான்கு குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பாரிசுக்கு எடுத்துப்போக, 1814இல் அது திரும்பி வந்தது. படம் எடுக்க எல்லோரும் நிற்கும் இடம் என்பதால் பொக்கற் அடிப்பவர்களும் அங்கே நிற்பார்கள். கையெழுத்துக் கேட்டுத் தாள் நீட்டுவோரை விலக்கி நடக்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவிடம். பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்டது, 2,711 கொங்கிறீற் தூண்கள். பொறுப்பாசிரியர் மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் இது, இரண்டு காரணங்களால்.

ஒன்று நடைமுறைச் சங்கதி. விளிம்பில் தூண்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே போகப்போக நிலம் தாழும், தூண்கள் நாலரை மீற்றருக்கு மேல் உயரும். பாதை ஒருவர் மட்டும் போகும் அகலம். பத்து அடி வைத்ததும் முன்னால் போன பிள்ளை கண்ணில் படாது. ஆகவே உள்ளே எண்ண முயலாதீர்கள். நாலு மூலையில் ஒவ்வொரு பெரியவரை நிறுத்தி, இருபது நிமிடத்தில் எந்த மூலையில் கூடுவது என்று சொல்லிவிட்டுத் தனித்தனியாக நடக்க விடுங்கள். இந்த நினைவிடம் தனியாக நடப்பதற்காகவே அமைந்தது.

மற்றது நடத்தை. உயரம் குறைந்த தூண்களைப் பார்த்தால் ஏறித் தாவத் தோன்றும், ஒளித்து விளையாடவும் இடம் அழைக்கும். அங்கே போனபின் அதட்டுவதால் பலன் இல்லை. முந்தைய கிழமை வகுப்பிலேயே பேசிவிடுங்கள்: கொல்லப்பட்டவர்கள் யார், எத்தனை பேர், அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள், அந்தக் கற்களில் ஏன் பெயர் இல்லை என்று நினைக்கிறீர்கள். பதில் சொல்லி முடிக்காமல் கேள்வியோடு கூட்டிப்போனால் பிள்ளைகள் மெதுவாக நடப்பார்கள். நிலத்துக்குக் கீழே உள்ள தகவல் நிலையத்தில் குடும்பங்களின் கடிதங்களும் கதைகளும் இருக்கின்றன. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அங்கே இறக்க நான் விரும்புவதில்லை. திங்களில் அது பூட்டு, மூத்த பிள்ளைகளை வேறொரு நாள் கொண்டுவரலாம்.

கல் வரிசை பொட்ஸ்டாமர்பிளாட்ஸ் தாண்டி நீடர்கிர்க்னர் வீதிக்குப் போகும். சுமார் 200 மீற்றர் உண்மைச் சுவர் அங்கே நிற்கிறது, பக்கத்திலேயே நாசிப் பொலிசின் தலைமையகம் இருந்த நிலத்தில் ஆவணக் காட்சியகம். உள்ளே வாசிக்க நிறைய. சிறியவர்கள் வெளியே சுவரோடு நிற்கட்டும், மூத்த பிள்ளைகள் உள்ளே முக்கால் மணி நேரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் சுவர்க் காலத்து எல்லைக் கடவையான செக்பொயின்ற் சார்ளி. பெயர் பெரிது, இன்று அங்கே நிற்பது நினைவுப் பொருள் கடைகளும் படத்துக்கு நிற்கும் கூட்டமும். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் நாள்: பஸ்ஸும் அருங்காட்சியகமும்

சுற்றுலாப் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். விலங்கியல் பூங்கா நிலையத்திலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரை ஓடும் 100ஆம் இலக்கப் பஸ் சாதாரண நகரப் பஸ்தான். இரண்டு தட்டு, வெற்றித்தூண், சனாதிபதி மாளிகை, நாடாளுமன்றம், உன்டர் டென் லின்டன் வீதி எல்லாம் வழியில். கிழக்கையும் மேற்கையும் மீண்டும் இணைத்து 1990இல் ஓடத் தொடங்கிய முதல் பஸ் பாதை இது. ஏறும் முன் அங்கேயே, 1943 குண்டுவீச்சில் உடைந்த கோபுரத்தை அப்படியே விட்டுவைத்த கெய்சர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தைப் பார்த்துவிடலாம். முப்பது பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினால் சாரதிக்கும் பிடிக்காது, வேலைக்குப் போவோருக்கும் பிடிக்காது. பதினைந்து பதினைந்தாக, அடுத்தடுத்த பஸ்களில். இறங்குவது லுஸ்ற்கார்டன் தரிப்பில். ஊர்வலம் ஏதும் நடந்தால் பாதை மாறும், அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத் தீவில் ஐந்து கட்டடங்கள். ஒன்றைமட்டும் தெரிவுசெய்யுங்கள், அது நொயஸ் மியூசியம் ஆக இருக்கட்டும். 1912இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த நெபெர்ற்றிற்றியின் சிலை அங்கே தனி அறையில் இருக்கிறது. அந்த அறையில் படம் எடுக்கக்கூடாது. காவலர் சத்தம் போடுமுன் நீங்களே வாசலில் சொல்லிவிடுங்கள். குழுவாகப் போவதற்கு நேரம் குறித்துப் பதியவேண்டும்.

பேர்கமொன் மியூசியத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகள் எல்லாம் பாபிலோனின் நீல இஷ்தார் வாயிலைப் போட்டு ஆசைகாட்டும். 2023 ஒக்டோபரில் அந்தக் கட்டடம் திருத்தவேலைக்காக முழுதாக மூடப்பட்டது. ஒரு பகுதியை 2027இல் திறப்பதாகத் திட்டம், இஷ்தார் வாயில் உள்ள பகுதிக்கோ 2037 என்று அறிவித்திருக்கிறார்கள். "ரீச்சர், நீல வாசல் எங்கே?" என்று கேட்கப்போகும் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மத்தியானத்துக்குப் பின் வயதைப் பார்த்துப் பிரியலாம். சிறியவர்களை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள். 13.27 மீற்றர் உயரமான ஜிராஃபடைடன் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் சத்தம்போடும் பிள்ளைகள்கூட வாயடைத்து நிற்பார்கள். 1909 முதல் 1913 வரை, அப்போது ஜேர்மன் குடியேற்றமாக இருந்த இன்றைய தன்சானியாவில் தோண்டி எடுத்தவை அந்த எலும்புகள். தோண்டியவர்கள் பெரும்பாலும் ஆபிரிக்கத் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொலைக்காட்சிக் கோபுரத்தில் ஏறுவதற்கு நான் செலவழிக்கமாட்டேன். 368 மீற்றர், வரிசை நீளம், கட்டணமும் கூட. நாடாளுமன்றக் கூரையில் ஏறியாயிற்று. கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வெயில் பட்டால் உருண்டையில் சிலுவை வடிவில் ஒளி விழும். கடவுள் நம்பிக்கையை ஒதுக்கிய ஓர் அரசு கட்டிய கோபுரம் அது என்பதால் மேற்குப் பேர்லின்காரர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள்: பேர்னவர் வீதியும் ஃபிரீட்ரிக் வீதி நிலையமும்

சுவரைப் பார்க்க எல்லோரும் ஓவியங்கள் உள்ள ஈஸ்ற் சைட் கலரிக்குப் போகிறார்கள். 1.3 கிலோமீற்றர், 1990இல் பல நாட்டு ஓவியர்கள் வரைந்தது, படத்துக்கு அழகு. ஆனால் சுவர் என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளங்கவேண்டுமானால் பேர்னவர் வீதிதான்.

நோர்ட்பான்ஹொஃப் எஸ்பான் நிலையத்தில் இறங்குங்கள். நகரம் பிரிந்திருந்தபோது மேற்கின் ரயில்கள் நிற்காமல் கடந்துபோன, பூட்டிய நிலையங்களில் ஒன்று அது. அதைப் பற்றிய காட்சி நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே வந்தால் 1.4 கிலோமீற்றர் நீளத் திறந்தவெளி நினைவிடம். இந்த வீதியில் வீடுகள் கிழக்கில், வாசலில் உள்ள நடைபாதை மேற்கில். 1961 ஓகஸ்டில் மக்கள் யன்னல்களால் குதித்தார்கள், பிறகு யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், பிறகு வீடுகளையே இடித்தார்கள். எதிர்ப்பக்கம் உள்ள பார்வைக் கோபுரத்தில் ஏறினால், இரண்டு சுவர்களுக்கும் இடையில் காவற்கோபுரத்தோடு பாதுகாக்கப்பட்ட வெற்று நிலம் அப்படியே தெரியும். பேர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். அவர்களின் படங்கள் அங்கே ஒரு நீள் சட்டத்தில் வரிசையாக உள்ளன. மிகச் சிறிய பிள்ளைகளும் அந்த வரிசையில் உண்டு.

அங்கிருந்து எஸ்பானில் இரண்டாவது நிலையம் ஃபிரீட்ரிக் வீதி. நிலையத்தோடு ஒட்டி நிற்கும் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர். 1962இல் கட்டியது. கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்புவோர் உறவினரிடம் விடைபெற்ற சோதனைச்சாவடி. இப்போது இலவசக் காட்சியகம், பழைய கடவுச்சீட்டுச் சாவடிகள் உள்ளே இருக்கின்றன, பிள்ளைகள் அதன் ஒடுக்கத்துக்குள் நடந்து பார்க்கலாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த நிலையம் வேறு ஒரு வகையில் முக்கியம். 1980களின் நடுப்பகுதியில் இலங்கையைவிட்டு வெளியேறிய பல தமிழர் கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைத்தங்கல் விசாவோடு நகர ரயிலில் இந்த நிலையத்துக்கு வந்து, மேற்குப் பேர்லினுக்குள் போனார்கள். மேற்குத் தரப்பு அந்தப் பிரிவுக் கோட்டினை நாட்டு எல்லையாக ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. சொந்த மக்களை வெளியே விடாத சுவரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கதவு இருந்தது. மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால், விசா இல்லாத இலங்கையருக்கு அந்த வழியைக் கிழக்கு ஜேர்மனி 1985இல் அடைத்தது. காட்சியகத்தின் மையம் ஜேர்மானியக் குடும்பங்களின் பிரிவு, இந்தக் கதையைச் சொல்லவேண்டியவர் நீங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, அம்மப்பாவிடமோ பெரியப்பாவிடமோ எந்த வழியால் ஐரோப்பா வந்தீர்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். சில வீடுகளில் அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். பதில் இல்லாமல் வரும் பிள்ளையை மற்றவர்களுக்கு முன் தூண்டித் துருவவேண்டாம்.

நேரம் மிஞ்சினால், பிரிட்ஸ் பகுதியில் தமிழர் எழுப்பிய மயூரபதி முருகன் கோயிலுக்கு ஊபானில் போய்வரலாம். பூசை நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலை விடுதியில் நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்கும் தகரப் பேணிக்கும் 25 சதம் வைப்புப் பணம். எறியாமல் சேர்த்து எந்தச் சுப்பர்மார்க்கெற் இயந்திரத்திலும் போட்டால் திரும்பும். முப்பது பிள்ளைகளின் போத்தல்களில் ஒரு நாள் ஐஸ்கிறீம் காசு தேறும். சைவப் பிள்ளைகளுக்கு ஃபலாஃபெல் எங்கும் கிடைக்கும். பிள்ளைகள் பைபையாக வாங்கும் ரப்பர் போன்ற இனிப்புகள் பலவற்றில் பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருக்கும். பெற்றோருக்கு அது முக்கியம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஞாயிறு கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். கழிப்பறைக்கு ஒரு விதி: அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறுமுன் எல்லோரும் போய்வரவேண்டும், அவசரம் இருக்கிறதோ இல்லையோ.

தெருவில் கவனம், தொலைந்தால் என்ன செய்வது

பேர்லினில் பிள்ளைகளுக்கு முதல் ஆபத்து கார் அல்ல, சைக்கிள். நடைபாதையிலேயே சைக்கிளுக்கென ஒரு கீற்று ஓடும், பல இடங்களில் கல்லின் நிறம் மட்டுமே வித்தியாசம். படம் எடுக்கப் பின்னால் நகரும் பிள்ளை அதில்தான் போய் நிற்கும். முதல் நாளே கீற்றைக் காட்டுங்கள். சிவப்பு மனிதன் எரியும்போது வீதி வெறுமையாக இருந்தாலும் கடக்காதீர்கள். பிள்ளைகளோடு சிவப்பில் கடக்கும் பெரியவரை முன்பின் தெரியாத பாட்டிகள்கூட நிறுத்தி ஏசுவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ரயிலில் பிரிந்துவிட்டால் இரண்டே விதிகள், எல்லோருக்கும் மனப்பாடம் ஆகவேண்டும். ரயில் போய்விட்டு நீ மேடையில் நின்றால், அசையாமல் அங்கேயே நில். நீ மட்டும் ரயிலில் போய்விட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில். தேடிப் போவது பெரியவரின் வேலை. விடுதி முகவரியும் பொறுப்பாசிரியரின் இலக்கமும் எழுதிய அட்டை ஒவ்வொருவரின் பொக்கற்றிலும் இருக்கட்டும். பிள்ளையின் பெயரை மார்பில் தொங்கவிடாதீர்கள், அந்நியர் பெயர் சொல்லி அழைக்க அது வழி. சுவிஸ் கைத்தொலைபேசிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டணமில்லா இணைப்பு இல்லை, பிரித்தானிய நிறுவனங்கள் சில தனியாக அறவிடும். புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112, பொலிசுக்கு 110.

திரும்பும் நாள்

அறைகளைப் பிள்ளைகள் வெளியேறியபின் ஒரு பெரியவர் கட்டிலுக்குக் கீழே வரை பார்க்கட்டும். மின்னேற்றிகள் எப்போதும் சுவரில்தான் மிஞ்சும். பிரதான நிலையத்தில் மேடை கடைசி நேரத்தில் மாறுவது உண்டு, ரயில் மேல் தளத்திலிருந்து கீழ்த் தளத்துக்கு மாறினால் முப்பது பிள்ளைகளை இறக்கப் பத்து நிமிடம் வேண்டும். முக்கால் மணி நேரம் முன்னதாக அங்கே நில்லுங்கள். பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், ஆறு பேர் ஆறு நேரம் எழுதினால் ஊரில் கலவரம். ரயில் ஒரு மணி நேரம் பிந்தினால் சீட்டுக் காசில் 25 வீதம், இரண்டு மணி நேரமானால் 50 வீதம் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. குழுச்சீட்டென்றால் ஒரே விண்ணப்பம் போதும், அதற்காகச் சீட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள்.